பால்சுறாவின் முதுகுச் சுமை

கடலில் கண்காணிப்புக் கருவி இல்லாத சுறாவே இல்லாத காலம் அது. தூத்துக்குடியில் அவற்றைக் கவனிப்பது ஜெர்லினின் வேலை. முழங்கை நீளமுள்ள ஒரு பால்சுறா, துடுப்பில் மாட்டிய கருவியால் இடப்பக்கம் சாய்ந்தே நீந்தியது. எவ்வளவு வாலடித்தும் இரை தப்பியது. மெலிந்துபோன அதை அவள் கரையிலிருந்த பெரிய தொட்டிக்குக் கொண்டுவந்தாள். அனுமதியில்லாமல் கருவியைக் கழற்றினால் வேலை போய்விடும்.

"எடை ரொம்பக் கம்மிம்மா, அதுக்குத் தெரியவே செய்யாது," என்றார் ஆய்வுக்கு வந்த அதிகாரி குமரவேள்.

"அப்ப நீங்களும் ஒண்ணைக் கட்டிக்கிட்டு இந்தத் தொட்டியில ஒரு சுத்து நீந்திக் காட்டுங்க சார்."

நல்ல நீச்சல்காரரான அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவர் உடம்புக்கு ஏற்ற அளவில் ஒரு பெட்டியை ஜெர்லின் அவர் முதுகில் ஒருபக்கமாகக் கட்டிவிட்டாள். பாதித் தூரத்திலேயே அவர் கோணிக்கொண்டு போய், உப்புத் தண்ணீரைக் குடித்து, தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டும்மா!"

"எதை சார்? உங்களதா, அதோடதா?"

"ரெண்டையுந்தான்!"

மாலையில் படகிலிருந்து விட்டதும் பால்சுறா அம்பு மாதிரி நேராகப் பாய்ந்தது. எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாத ஒரே சுறா அதுதான் என்று நினைக்க நினைக்க, ஜெர்லினுக்குக் கரை சேரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.