மூன்றாம் நம்பர் இன்ஜின்

"மூணை அழுத்து. அழுத்திட்டு அந்தக் குமிழை மெதுவா திருப்பு. மலையை மட்டும் தொட்டுராதே, உள்ள வயரெல்லாம் நூல் மாதிரி இருக்கு" என்றான் ஜெரால்டு.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் சாப்பாட்டு மேசை இருந்த இடத்தை இப்போது ஜெரால்டின் பொம்மை ரயில்வே பிடித்திருந்தது. பலகை மேல் இரண்டு தண்டவாளங்கள், ஒரு ஸ்டேஷன், பழைய பேப்பரை மைதா பசையில் ஒட்டிச் செய்த மலை, மலையைக் குடைந்து ஒரு சுரங்கம். கடைசி வயரை அன்று காலைதான் பற்றவைத்திருந்தான். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த அவன் மனைவி ஜோஸ்லின், நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் கன்ட்ரோலரைக் கையில் வாங்கியிருந்தாள்.

"மூணுன்னா என்ன?"

"இன்ஜினோட நம்பர். கரண்ட் ரெண்டு லைன்லயும் ஓடும். ஆனா நம்பரைச் சொல்லிக் கூப்பிட்ட இன்ஜின்தான் அசையும். கடையில இருந்து வரும்போது எல்லாத்துக்கும் மூணுதான். வேணும்னா நாம மாத்திக்கிடலாம்."

"இந்த நம்பரெல்லாம் ஞாபகம் இருக்கு. கல்யாணத் தேதி ஏழுன்னு மட்டும் வருஷா வருஷம் நான்தான் சொல்லணும்."

ஜெரால்டு காதில் விழாததுபோல மலையைத் தடவிக் கொடுத்தான்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. போன கிறிஸ்துமஸில் ஜோஸ்லின் போட்டது. இன்னொரு இன்ஜின் வாசப்படி ஏறினால் அன்றைக்கே பலகையோடு எல்லாம் பழைய சாமான் எடுக்கிற கபாடிவாலாவுக்கு. அவள் சொன்னால் செய்வாள். அவனுடைய பழைய சைக்கிள் அப்படித்தான் போனது.

ஜோஸ்லின் மூன்றை அழுத்தினாள். நீல இன்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு சமர்த்தாகக் கிளம்பியது. அதே நேரம், சுரங்கத்துக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு சிவப்பு இன்ஜினும் வெளியே வந்தது.

ஜெரால்டு மலையிலிருந்து சட்டென்று கையை எடுத்தான். "ஜோஸ், அது வந்து..."

ஜோஸ்லின் நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டையும் நிறுத்தினாள்.

"திட்டாதீங்க. உங்க பொறந்தநாளுக்குன்னு நான்தான் வாங்கினேன். போன்ல அது படத்தையே பாத்துப் பாத்துப் பெருமூச்சு விட்டீங்களே. மலையைத் தொடக் கூடாதுன்னு எப்பவும் சொல்வீங்களே, அதான் அதைத் தூக்காம சுரங்க வாசல் வழியா உள்ள தள்ளி ஒளிச்சு வச்சேன். இதுவும் மூணுன்னா கிளம்பும்னு எனக்கென்ன தெரியும்?"

ஜெரால்டுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. ஆனால் போன உயிர் திரும்பி வந்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"வாங்கினது சந்தோஷம். இருந்தாலும் சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானே? நான் இத்தனை மாசமா அந்தக் கடைப் பக்கம் தலை வச்சாவது படுத்தேனா? ஆசை யாருக்குத்தான் இல்லை? மனுஷனுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும், ஜோஸ்."

"தப்புதான்."

"சரி போ. இந்த ஒரு தடவை மன்னிச்சேன்."

"பெரிய மனசு உங்களுக்கு" என்று சிரித்தாள் ஜோஸ்லின். "அச்சா, சரி, இந்தச் சிவப்புக்கு மூணு வேண்டாம். கல்யாணத் தேதியையே நம்பரா வச்சிருவோம். இனிமேயாவது மறக்காம இருப்பீங்க."

"ஐயோ ஜோஸ், அது அப்படியில்லே..."

அவன் கை நீட்டுவதற்குள் அவள் ஏழாம் எண்ணை அழுத்திக் குமிழைத் திருப்பிவிட்டாள்.

சிவப்பு இன்ஜின் நின்ற இடத்திலேயே நின்றது. மலைக்குள்ளே எதுவோ உறுமியது. பிறகு உள்பக்கத் தண்டவாளத்தில், அதே சிவப்பில், அச்சு அசலாக இன்னொரு இன்ஜின் நிதானமாக வெளியே வந்து ஜோஸ்லினுக்கு நேராக ஊர்ந்தது.

தன் புருஷன் கல்யாணத் தேதியை மறக்கவே இல்லை என்பது ஜோஸ்லினுக்கு அன்றுதான் தெரிந்தது.