வைப்பர் மோட்டார் பூதம்

பழைய காரிலிருந்து கழற்றிப் பூட்டிய வைப்பர் மோட்டார் உறுமியது. முற்றத்தில் நின்ற பழந்துணிப் பூதம் தலையை இடமும் வலமும் திருப்பி, சிவப்பு நாக்கை நீட்டியது.

“இஞ்சேருங்கோ, இதைக் கண்டா நாளைக்கு ஒருத்தரும் வராயினம்,” என்றாள் செல்வநாயகி. புதுமனை புகுவிழாவுக்குத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அழைப்புப் போட்டிருந்தாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

“மீசையை இன்னும் கொஞ்சம் பெருப்பிக்கட்டோ?” என்றார் கணவர் நவரத்தினம்.

“உங்கட மீசை மாதிரியெண்டா அதுவே காணும்.”

மாலையில் பூதத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் நின்றார்கள். முகத்தில் சாயம், கையில் இனிப்பு வாங்கப் பை. பின்னால் தாய் தகப்பன்மார். இந்த லின்ஃபீல்ட் ஊரிலேயே திறமான ஹாலோவீன் பேய் இதுதான் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நாளைக்குக் கட்டாயம் வருவதாகவும் சொன்னாள்.

“ஹாலோவீனோ? அதென்னப்பா?” என்று செல்வநாயகி கணவரிடம் கிசுகிசுத்தாள்.

“ஆருக்குத் தெரியும்? முதல்ல பிள்ளையளுக்கு ஏதும் குடும்.”

நாளைய குடிபூரலுக்குச் சுட்ட முறுக்கை அவள் பைகளில் அள்ளிப் போட்டாள். புது வீட்டுக்குக் கண்ணூறு படாமல் அவர் செய்து வைத்த வெருளி, பிள்ளைகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

“ஊர்க்கண் முழுக்க இதிலதானே கிடக்குது!” என்றாள்.

“பின்னை? அதுக்குத்தானே வைச்சனான்.”