குடை வைத்த விமானம்

"ஆளுக்கு என்ன எடைன்னு மட்டும் சொல்லுங்க சார், மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார் பெங்களூரு புரோக்கர்.

ஸ்பீக்கரில் போட்டு, போனை ஏலக்காய் மூட்டை மேல் வைத்தேன். நானும் என் மனைவி ஜக்கம்மாளும் போடியில் எங்கள் ஸ்டோரில், மூட்டை நிறுக்கும் தராசின் முன்னால் நின்றிருந்தோம்.

விமானம் வாங்கப் போகிறோம்.

ஒற்றை எஞ்சின், நாலு சீட்டு, பழையது. போடியில் அதை இறக்க இடம் கிடையாது. மதுரையில்தான் நிறுத்த வேண்டும். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சிரித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் எதுவுமே உறைப்பதில்லை.

கழித்துக் கட்டியது போக மிஞ்சியவை இரண்டு.

ஒன்றுக்கு இறக்கை மேலே. மெதுவாகப் போகும், ஏற்றியதையெல்லாம் தூக்கும், எங்கள் தோட்டத்து ஜீப்பு மாதிரி. மற்றதற்கு இறக்கை கீழே. வேகம் அதிகம், பாரம் தாங்காது. ஆனால் ஆபத்து என்றால் மொத்த விமானத்தையும் தாங்கி இறக்குகிற பாராசூட் அதில் உண்டு. ஜக்கம்மாள் அதைக் குடை என்பாள்.

"குடை உள்ளதுலதான் நான் ஏறுவேன்" என்று போன வருஷமே சொல்லிவிட்டாள்.

இரண்டையும் பொறுக்கி எடுத்தது எங்கள் மகன் அருண்பாண்டி. விமானம் ஓட்ட லைசென்சு வாங்கியவன். வருஷத்தில் பாதி நாள் தோட்டத்து மழையில் நனைந்து வளர்ந்தவனுக்கு, மழையே பெய்யாத ஊரைப் பார்க்க வேண்டுமாம். மதுரையிலிருந்து ராஜஸ்தான், எங்களையும் ஏற்றிக்கொண்டு.

விமானத்துக்கு ஊற்றுகிற பெட்ரோல் எல்லா ஊரிலும் கிடைக்காது. டேங்கை நிரப்பிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். லிட்டர் எழுநூற்றிருபது கிராம் என்றான். ஏலக்காயில் லிட்டர் எடை நானூறு வந்தாலே நாங்கள் துள்ளிக் குதிப்போம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் எழுதிய தாள் தராசுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. குடை வைத்த விமானத்தில் டேங்க் நிரம்பியபின் ஆட்களுக்கும் பைகளுக்கும் மிஞ்சுவது இருநூற்று முப்பத்தைந்து கிலோ. ஓட்டுபவர் எழுபத்தொன்று, அப்பா எண்பத்தாறு, அம்மா அறுபத்தெட்டு, பைகள் முப்பது. இருபது கிலோ கூடுதல்.

அடியில் சிவப்பு மையில், 'அம்மா டயட்!' என்று எழுதியிருந்தான்.

அதைப் பார்த்த கோபத்தில் ஜக்கம்மாள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். குடையை விட அவளுக்கு மனமில்லை, எடையைக் குறைக்கவும் முடியவில்லை. விமானம் வாங்குவது அப்படியே நின்றது.

அந்தத் தாளைத்தான் போட்டோ எடுத்து புரோக்கருக்கு அனுப்பியிருந்தேன்.

நான் தராசில் ஏறினேன். எழுபத்து நான்கு.

ஜக்கம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஐம்பத்தாறு.

"ரெண்டு பேருமா இருபத்திநாலு கிலோ குறைச்சிருக்கீங்க! என்ன டயட்டு சார்? எனக்கும் சொல்லுங்க" என்றார் புரோக்கர். ஜக்கம்மாள் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"ஓட்டுறவர் எழுபத்தொண்ணுன்னே வச்சுக்கிறேன். பையும் சேத்து இருநூத்தி முப்பத்தொண்ணு. நாலாவது சீட்டு காலிதான?"

"இல்ல, ஆள் உண்டு."

"அப்ப இடிக்குமே சார். மிச்சம் இருக்கறதே நாலு கிலோ."

ஜக்கம்மாள் கடைசி அறைக்குப் போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தாள். ஏலத்துக்கு ஏலக்காய் சாம்பிள் அனுப்புகிற டப்பா. சின்னத் தராசில் மெதுவாக வைத்தாள். மூன்றே கால் காட்டியது. டப்பா அரை கிலோ.

சாக்கானாலும் டப்பாவானாலும் அதன் எடையைக் கழித்துச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"ரெண்டே முக்கால்" என்றேன்.

ஜக்கம்மாள் என் கையைத் தொட்டாள். "டப்பாவும் கூடத்தான வருது" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"மூணே கால்" என்று திருத்தினேன்.

"கைக்குழந்தையா சார்? பேரனா?"

"மகன்."

புரோக்கர் சத்தமாகவே சொன்னார். "வாழ்த்துக்கள் சார்! அப்ப பாராசூட் உள்ளதே சரியா வருது. முடிச்சிரலாமா?"

ஜக்கம்மாள் தலையை ஆட்டினாள். முடித்துவிடுங்கள் என்றேன்.

அருண்பாண்டி பைக்கோடு போடிமெட்டு மலை ரோட்டில் பள்ளத்துக்குள் போய் எட்டு மாதமாகிறது. வானத்துக்குத்தான் நாங்கள் பயந்தோம். ரோட்டுக்குப் பயப்படத் தோன்றவில்லை. விமானம் ஓட்ட வருகிறவர் வேறு ஆள், அவரும் எழுபத்தொன்றாம். தாளில் அந்த ஒரு எண்ணை மட்டும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்றார்கள். ஸ்டோரில் வைத்தோம். கரைக்கச் சொன்னார்கள். மழை பெய்யாத ஊரை அவன் இன்னும் பார்க்கவில்லை என்றாள் ஜக்கம்மாள்.

பச்சை ஏலக்காய் ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும். முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்தது அதுதான். அன்றைக்கு மின்மயானத்தில் அஸ்தியைக் கையில் கொடுத்தபோது, எழுபத்தொரு கிலோவுக்குப் பதினாலாவது நிற்க வேண்டுமே, மீதி எங்கே என்று கொடுத்தவரோடு சண்டை போட்டேன்.