நீலத் தொட்டி

"நாளைக்குக் காலையில நீதான் கை வச்சுப் பாத்துச் சொல்லணும்லா, இருளப்பா. எந்தத் தொட்டி நல்லாச் சுடுதோ, துரை அதத்தான் வாங்கப் போறாரு" என்றார் தேயிலைத் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி கனகராஜ்.

தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவுக்குப் பின்புறச் சரிவில் இரண்டு புதுச் சாமான்கள் வெயிலைப் பார்த்து மல்லாந்து கிடந்தன. கண்ணாடி போட்ட கறுப்புப் பெட்டி, அதன் தலைமாட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒன்றுக்கு நீலத் தொட்டி, மற்றதற்கு வெள்ளை. சூரியனே தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்குமாம். ஈப்போவிலிருந்து இரண்டு கம்பெனிக்காரர்கள் முந்தின நாள் லோரியில் கொண்டுவந்து குழாய் பொருத்தி, பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப் போயிருந்தார்கள்.

"அப்ப என்னோட பாய்லரு, கிராணி ஐயா?"

கனகராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி சொல்லுமுன் அதைத் துடைப்பது அவர் வழக்கம்.

"வெயில்லயே சுடுதண்ணி வந்துட்டா வெறகு பாய்லருக்கு ஆள் வேணாம்னு ஹெட் ஆபீஸ்ல எழுதிட்டாங்கலா. நான் என்ன செய்ய?"

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அதை இருளப்பனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் துரை எழுமுன் எழுந்து, ஈர விறகோடு மல்லுக்கட்டி, குளிக்க வெந்நீர் போட்டுக்கொண்டிருக்கிறான். மூன்று துரைமார் மாறிவிட்டார்கள். ஒருவர்கூட விரலை விட்டுப் பார்த்துக் குளித்ததில்லை. இருளப்பன் "சரி துரை" என்றால் தண்ணீர் சரி. அந்த நல்ல பேரால்தான் இந்தப் பரீட்சையும் அவன் தலையிலேயே விடிந்தது.

அன்று சாயங்காலம் மாரியம்மா பிந்தித்தான் வீடு திரும்பினாள். பங்களாத் தோட்டத்தில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது அவள் வேலை. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"ஏங்க, சோத்தத் தொடாம உக்காந்திருக்கீங்க?"

அவன் சொன்னான். விஷயம் அவள் காதுக்கு முன்பே எட்டியிருந்தது. பங்களாவில் எதுதான் மறையும்?

"நம்ம புள்ள ஜெயா இன்னும் ஆறாவது முடிக்கல. கோலா தெர்லாவுல காய்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாலும், வீடு யாரு குடுப்பா? நாளைக்குத் துரைகிட்ட என்னன்னு சொல்லட்டும், மாரி?"

மாரியம்மா நிதானமாக ரசம் ஊற்றினாள்.

"உள்ளதச் சொல்லுங்க. எது சூடோ அது சூடு. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

உப்புக் கூடினால்கூட ஊரைக் கூட்டுகிறவள், வீடே போகப்போகிறபோது இப்படிப் பேசுகிறாளே என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது. நிலைமை அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

காலையில் தேயிலைச் சரிவெல்லாம் பனி மூடிக் கிடந்தது. இருளப்பன் முதலில் வெள்ளைத் தொட்டியின் குழாயைத் திறந்து கை வைத்தான். வெதுவெதுப்பு. பிறகு சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நீலத்தைத் திறந்தான். விரல் விறைத்துப்போனது. அப்பட்டமான பச்சைத் தண்ணீர்.

அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால் துரை வெள்ளையை எடுப்பார். அந்த வெதுவெதுப்பே போதும் என்று சமாளித்துக்கொண்டாலும் கொள்வார். நீலத்தை எடுத்தாலோ, இரண்டே நாளில் "பாய்லரப் பத்த வை" என்று ஆள் ஓடி வரும்.

துரை தேநீர்க் கோப்பையோடு வராந்தாவுக்கு வந்தார். பக்கத்தில் கனகராஜ், கையில் தாளும் பேனாவும்.

"எது, இருளப்பன்?"

"நீலந்தான் துரை. நல்ல சூடு."

குரல் நடுங்கவில்லை. அதுவே அவனுக்கு ஆச்சரியம்.

"இருளப்பன் சொன்னா சரி" என்று துரை அங்கேயே கையெழுத்துப் போட்டார். இறங்கிப் போய்த் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. பத்து மணிக்கெல்லாம் வெள்ளைத் தொட்டி லோரியேறி ரிங்லெட் வளைவில் இறங்கிப் போய்விட்டது.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அவனால் அடக்க முடியவில்லை.

"மாரி, ஒன் பேச்ச மீறிட்டேன். மொத தடவயா துரைகிட்ட பொய் சொன்னேன். நீலத்துல ஐஸ் மாதிரி பச்சத்தண்ணி. அதப்போய் சூடுன்னு சொல்லி வாங்க வச்சிட்டேன். இனிமே நம்ம பாய்லர எவனும் அசைக்க முடியாதுலா."

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தான். மாரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து சாயங்காலம் வெள்ளையில வெறும் வெதுவெதுப்புதான்; நீலத்துலதாங்க கொதிக்கக் கொதிக்கத் தண்ணி இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "நீங்க உள்ளதத்தான் சொல்லுவீங்கன்னு நம்பி, நான்தான் குழாயத் தொறந்து அம்புட்டையும் வடிகால்ல விட்டுட்டு, பச்சத்தண்ணிய ஏத்தி வச்சேன்."