கப்பலுக்குக் காத்திராத ரயில்

இந்த வாரமும் அந்தக் கப்பல் வராமல் இருந்தால் தேவலை. வந்து தொலைத்தாலும் தபால் மூட்டைகள் துறைமுகத்துக் கொட்டகையிலேயே கிடக்கட்டும். ரயில் ஏறவே வேண்டாம்.

நினைத்த வேகத்தில், பட்டன் துளைக்கு அவள் போட்டுக்கொண்டிருந்த காஜா கோணிக்கொண்டது. சட்டையைத் திருப்பி, போட்ட தையலைப் பிரித்தாள். இந்தத் தெருவிலேயே எத்தனை பெண்கள் அந்த மூட்டைக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! தனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தக் கல் மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

"காஜா முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டபடி தையற்காரர் உள்ளே வந்தார். வழக்கமாகத் தோளில் தொங்கும் துணி மூட்டை இல்லை. கையில் ஒரு காகிதமும் பேனாவும் இருந்தன.

சாய்வு நாற்காலியில் கிடந்த மாமனார் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். கண்ணில் புரை விழுந்த பிறகு அவருக்குக் காது இரட்டிப்பாகியிருந்தது.

"யாரு, நம்ம மனுக்காரரா? சாக்கடைக்கு ஒண்ணு எழுதியாச்சு, தெருவிளக்குக்கு ஒண்ணு எழுதியாச்சு. இன்னிக்கு என்ன, வெயிலைக் குறைக்கச் சொல்லியா?"

"சிரிங்க பெரியவரே, நல்லாச் சிரிங்க. உங்க பையன் கடுதாசிக்காகத்தான் நாயா அலையறேன்."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளுடைய கை ஊசியோடு நின்றது.

"கப்பல் ஒழுங்காத்தான் வருது," என்றார் தையற்காரர். "மூட்டையை இறக்கி முடிக்கிறதுக்குள்ள ரயிலு கிளம்பிடுது. அடுத்த ரயில்ல இடமில்லைங்கறான். கேட்டா ரயில்காரன் கப்பலைக் காட்டறான், கப்பல்காரன் ரயிலைக் காட்டறான். நடுவுல நம்ம பிள்ளைங்க எழுதினது கொட்டகையில எலிக்குப் படுக்கை. கப்பல் வந்தா மூட்டை ஏறுற வரைக்கும் ரயில் நிக்கணும். அவ்வளவுதான் மனு."

அவள் கணவனைப் போலவே தையற்காரருடைய மகனும் கடல் தாண்டி வேறொரு தேசத்தில் இருந்தான். கடிதம் தள்ளிப்போகும் நாட்களில் அவர் மனைவி அடுப்பைக்கூடப் பற்ற வைப்பதில்லை என்பது இவளுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படி வேண்டிக்கொண்டோமே என்று கூசிப்போனாள்.

"நல்ல காரியம்யா," என்றார் மாமனார். "என் பையன் போன கடுதாசியில, புது பூட்ஸ் காலைக் கடிக்குதுன்னு எழுதியிருந்தான். அது பழகிச்சா இல்லையான்னு தெரியாம எனக்கு இங்க குதிகால் வலிக்குது."

"அந்தக் கடுதாசியை இன்னுமா படிக்கறீங்க?"

"இவ எங்க படிக்கறா? மருந்து குடுக்கற மாதிரி வேளைக்கு நாலு வரி படிச்சிட்டு மடிச்சு வெச்சுடறா. பதில் எழுதுடின்னா ஸ்டாம்பு தீர்ந்து போச்சுங்கறா. போன மாசத்துலேருந்து தீர்ந்தே கிடக்கு அந்த ஸ்டாம்பு!"

"வாங்கிடறேன் மாமா," என்றாள் அவள், தலை நிமிராமல்.

தையற்காரர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. நாலு பிள்ளை பெற்ற மனிதர், இது தெரியாதா? அவர் அப்படி நினைப்பதை அவளும் பார்த்தாள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கோபக்காரி என்ற பெயர் சுமக்கக் கனமாகவா இருக்கிறது?

"தெருவுல எல்லாரும் போட்டாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி. இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா."

பேனாவை வாங்கினாள். காகிதத்தில் தெருவே வரிசையாக நின்றது. தையற்காரர் மனைவி பேர் எழுதத் தெரியாமல் கட்டைவிரலை அழுத்தியிருந்தாள். மை கொஞ்சம் அதிகமாகிக் கசிந்திருந்தது. அதற்குக் கீழே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போடும்மா, என்ன யோசனை?" என்றார் மாமனார். "சீக்கிரம் வந்தா நமக்குத்தானே நல்லது."

"வாசல்ல வெளிச்சமா இருக்கும், அங்க வெச்சுப் போட்டுத் தர்றேன் மாமா."

தையற்காரர் அவள் பின்னாலேயே வாசலுக்கு வந்தார். அங்கே அவள் பேனாவை மூடி, காகிதத்தோடு சேர்த்து அவர் கையிலேயே வைத்தாள்.

"நீங்க அனுப்புங்கண்ணே. என் பேர் மட்டும் வேண்டாம்."

"நல்லாருக்கே கதை! உன் ஒரு வீடு போடலைன்னா, இந்தத் தெருவுக்கே அக்கறை இல்லைம்பான் ஆபீஸ்ல." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரு தங்கச்சி. அவன் மேல உனக்கு ஆயிரம் கோபம் இருக்கட்டும். அந்தக் கிழவரை நெனைச்சுப் பாரு. பையன் எழுதினதைக் கேட்டாத்தானே அவருக்குச் சோறு இறங்குது?"

"அவரை நெனைச்சுத்தான்."

"அப்படின்னா?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். மாமனார் நாற்காலியில் குனிந்து, தன் குதிகாலை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரர் போயிட்டார்னு போன மாசமே தந்தி வந்துடுச்சுண்ணே… அதுக்கு முந்தி எழுதி அனுப்பினதாவது மெதுவா வரட்டும்."