நாற்பதாவது ஆள்

“மேடையில எத்தனை பேர் நிக்கிறாங்க, எண்ணினியாம்மா?” என்று அப்பா கேட்டார்.

மறுநாள் காலை நகரத்து மருத்துவமனை ஒன்றில் அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை. ஒருநாள் முன்னதாகவே வந்து, அவர் ஆசைப்பட்ட சேர்ந்திசைக் கச்சேரியைக் கேட்டுவிடலாம் என்றது மகள்தான்.

பாடகர்களை இரண்டு முறை எண்ணினாள். “முப்பத்தொம்பதுப்பா.”

“நாப்பது. முப்பது வருஷம் பஸ் கண்டக்டரா தலை எண்ணினவனுக்கே கணக்கு சொல்லித் தர்றியா? கடைசி வரிசை ஓரத்துல பாரு, என்னை மாதிரியே ஒரு வழுக்கை.”

ஓரத்தில் யாரும் இல்லை. “முதல்ல கண்ணாடிய மாத்துங்கப்பா” என்று சிரித்தாள்.

இடைவேளையில் முகம் கழுவப் போனவர் திரும்பவில்லை. தேடிப் பார்ப்பதாக வாயிற்காப்பாளர் சொன்னார். பாட்டு மறுபடி தொடங்கியது. அவள் மேடையை எண்ணினாள். நாற்பது. ஓரத்தில் அப்பா, வரும்போது போட்டிருந்த அதே பழுப்பு ஸ்வெட்டரோடு, பாடிக்கொண்டிருந்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் பாடகர்கள் வரிசையாக இறங்கினார்கள். அவள் மேடையருகே ஓடினாள். “அப்பா, காலைல ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும்ப்பா.”

முன்னால் போகிறவர்களின் தலைகளை விரல் நீட்டி எண்ணிக்கொண்டே, அவர் கடைசி ஆளாகத் திரைக்குப் பின்னால் போனார்.