பிடரி முடி

உட்காரச் சொல்லியும் ஹிசா உட்காரவில்லை. கதவோரமாகவே கால் மாற்றி மாற்றி நின்றாள்.

படுக்கையில் சாய்ந்தபடி தமாசோ படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மரப்பலகையில் செதுக்கி அச்சடிக்கும் முதல் தாளை நானே பார்க்கணும் என்று ஆள் அனுப்பிக் கேட்டவர் அவர்தான்.

நாற்பது வருஷமாக ஜப்பானின் எடோ நகர நாடக மேடைகளில் அவருக்குப் பெண் வேடம்தான். வீட்டிலும் பெண்ணுடைதான். மழித்த முன்நெற்றியை மறைக்கும் ஊதாத் துணி, காய்ச்சலிலும் நழுவாமல் இருந்தது.

படத்திலும் அவரே. வெளிர்நீல அங்கி, குனிந்த கழுத்து.

பிடிக்காவிட்டால் மரப்பலகை அப்பாவின் செதுக்குப் பட்டறையை விட்டு வேறு பட்டறைக்குப் போய்விடும். இடது கட்டைவிரலில் இருந்த உளிக்காயத்தை ஹிசா கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

அவர் பார்வை பிடரியில் வந்து நின்றது. நெல்மணி அகலத்துக்குள் பத்து முடி, ஒன்றோடொன்று ஒட்டாமல்.

"உங்கப்பன் கை இன்னும் அதே கைதான்டி. பொம்பளையோட பிடரி பொம்பளைக்குத் தெரியாது. தள்ளி நின்னு பாக்குற ஆம்பளைக்குத்தான் தெரியும். அதனாலதான் மேடையில நான் நிக்கிறேன், உன்ன மாதிரி பொம்பளைங்கள ஏத்துறதில்ல."

சிரிக்கப் போய் இருமினார். ஹிசா தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினாள். வீசியடிக்கலாம் போல இருந்தது.

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. பலகையின் ஓரத்தில் இருப்பது அவர் பெயர் மட்டும்தான். அந்தப் பத்து முடியும் தங்கையைத் திரும்பி உட்காரவைத்து, பார்த்துப் பார்த்து இவள் செதுக்கியவை. ஒரு பெண் செதுக்கியது என்று தெரிந்தால் பதிப்பாளர் வாசல்படி ஏறவிட மாட்டார்.

தமாசோ தாளின் மேல் மூலையைத் தொட்டார். எழுத்துகளுக்கு நடுவே ஓரிடம் வெறுமையாக இருந்தது.

"இதையும் அவனையே செதுக்கச் சொல்லு. கண்ட கையில குடுத்துடாதீங்க."

"கண்ட கைதாங்க இத்தனையும் செதுக்கிச்சு," என்றாள் ஹிசா. "என் கை."

சொன்ன பிறகுதான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அவர் அவள் கையை இழுத்து விரலைப் பிரித்தார். காயத்தைப் பார்த்தார். பிடரியைப் பார்த்தார். மறுபடி காயத்தை.

"பயப்படாதடி. நான் இனிமே போய் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

அப்போதுதான் ஹிசா உட்கார்ந்தாள்.

வெளிர்நீலம், நடிகர்கள் செத்த அன்றைக்குக் கடையில் தொங்கவிடும் படங்களின் நிறம். மூலையில் விட்டிருந்தது அவர் சாகும் நாளைச் செதுக்குவதற்கான இடம்.